வீட்டிலேயே மின்தூண்டல்: நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு எதை முதலில் பார்ப்பது?

காரைக்குடிப் பக்கத்தில் இருந்துகொண்டு நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்கு நோயோடு சேர்த்து இன்னொரு பாரமும் உண்டு. அது பயணம். தலைவலியைக் கவனித்துப் பார்க்கும் நரம்பு டாக்டர் வேண்டுமென்றால் பெரும்பாலும் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகிறோம். இரண்டும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பஸ் ஜன்னல் வெயில், டீசல் வாடை, ஆஸ்பத்திரி டியூப் லைட் என்று போய் வருவதே அன்றைய தலைவலிக்குப் போதுமானது. அதனால்தான் 'வீட்டிலேயே செய்துகொள்ளலாம், மாத்திரை வேண்டாம்' என்று வரும், மெல்லிய மின்சாரத்தால் நரம்பைத் தூண்டும் மின்தூண்டல் கருவிகள் மேல் இங்கே பலருக்கும் கண் போகிறது. பள்ளத்தூரில் இருக்கும் என் அக்காவுக்காக இவற்றைப் படித்து, டாக்டரிடம் கேட்டு, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிமாத்திரைக் கணக்கைச் சரிசெய்யாமல் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். கருவிதான் என்று ஆனால், போலிக் கருவியோடு (பார்க்க அதே மாதிரி, ஆனால் சிகிச்சை தராதது) ஒப்பிட்டுச் சோதித்ததை வாங்குங்கள். இன்றைக்கு நமக்குக் கைக்கு எட்டுவதில் அது கையில் கட்டும் வகை. தலையில் மின்சாரம் செலுத்தும் முறையை டாக்டர் கண்காணிப்பிலோ, பதிவு செய்த ஆய்விலோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதுதான் இனி வருவது.

முதலில், யாருக்கு இந்தக் கேள்வி? மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாளாவது ஒற்றைத் தலைவலிக்குரிய குணங்களோடு, இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் என்றால்தான் அது நாள்பட்ட வகை. மாதம் மூன்று நான்கு முறை வந்து போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளைப் பற்றிய பல ஆய்வுகள் எப்போதாவது வரும் வகையினரிடம் நடந்தவை. அந்த எண்ணிக்கையைக் காட்டி நாள்பட்ட வகையினருக்கு விற்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

இன்னொன்று. இடி விழுந்ததுபோல் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கைகால் செயலிழப்போ பேச்சுக் குழறலோ சேர்ந்த வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி என்றால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. உடனே ஆஸ்பத்திரி.

வலிமாத்திரைக் கணக்கு

பாரசிட்டமால், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் டிரிப்டான், எர்கோட்டமைன், பல மருந்து கலந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை நாள்தோறும் வரவழைக்க ஆரம்பித்துவிடும். நம் பக்கம் மருந்துக்கடையில் போய் 'ஒத்தத் தலைவலிக்கு மாத்திரை கொடுங்க' என்றால் கையில் வருவது பெரும்பாலும் கூட்டு மாத்திரைதான். பத்து நாள் என்பது சீக்கிரம் தாண்டிவிடும் எல்லை. கல்யாண மாதத்தில் அக்கா அதைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு வேலை, வீடு முழுக்க உறவு, படுக்கவும் முடியாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்த நிலையில் எந்தக் கருவியைக் கட்டினாலும் அது ஒரு பக்கம் குறைக்க, மாத்திரை இன்னொரு பக்கம் கூட்டும். டாக்டர் சொல்கிற முறையில் இதைக் குறைப்பது முதல் வேலை, அதற்குப் பைசா செலவில்லை.

அடுத்தது, வலி வராமலிருக்கத் தினமும் சாப்பிடும் தடுப்பு மாத்திரை. புரோபிரனலால், டோபிரமேட், அமிட்ரிப்டிலின், ஃபுளூனரிசின் எல்லாம் விலை குறைந்தவை, சின்ன ஊர்க் கடையிலும் கிடைப்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. ஆஸ்துமா இருந்தால் புரோபிரனலால் கூடாது. ஃபுளூனரிசினும் அமிட்ரிப்டிலினும் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். டோபிரமேட் கைவிரலில் ஊசி குத்துகிற உணர்வைத் தரும், சிலருக்குச் சொல்ல வந்த வார்த்தை நாக்கில் நின்றுவிடும், சிறுநீரகக் கல் வரவும் வாய்ப்புண்டு. செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் அதைச் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிப்பதில் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்களுக்கு டோபிரமேட்டும், இன்னொரு தடுப்பு மாத்திரையான வால்புரோயேட்டும் ஆகாது. பலர் இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியான அளவுக்கு ஏற்றியபின் இரண்டு மூன்று மாதமாவது பொறுத்தால்தான் கேட்கிறதா இல்லையா என்றே தெரியும். அப்படிப் பொறுத்துப் பார்த்தும் சரிவரவில்லை, அல்லது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால்தான் அடுத்த படி.

போடாக்ஸ் ஊசி நாள்பட்ட வகைக்கென்றே சோதிக்கப்பட்டது. நெற்றி, நெற்றிப்பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. வருஷத்துக்கு நாலைந்து பயணம் போதும் என்பது நமக்கு வசதி, செலவு பெரிது. இதன் பெரிய ஆய்வுகளில் 24-வது வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு 28 நாளில் தலைவலி நாட்கள் 8.4 குறைந்தன. வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் 6.6 குறைந்தன! மருந்து வேலை செய்தது உண்மை, ஆனால் குறைந்ததில் பெரும்பங்கு ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையாலும், கவனிப்பாலும், மோசமான மாதத்துக்குப்பின் தானாக வரும் இறக்கத்தாலும் நேர்ந்தது. கருவிகளைப் பார்க்கும்போது இந்த 6.6-ஐ மறக்கவே கூடாது.

கையில் கட்டுவது, நெற்றியில் ஒட்டுவது

'மூளைத் தூண்டல்' என்ற பேரில் விற்கப்படும் பல கருவிகள் மூளையைத் தொடுவதே இல்லை. கை நரம்பையோ நெற்றி நரம்பையோ தூண்டுகின்றன. இதை அக்காவிடம் சொன்னதும், "கையில கட்டுற சாமான் எப்படிடி மண்டைவலியைத் தீர்க்கும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. உடம்பில் ஓரிடத்தில் பலமான உணர்ச்சி எழுந்தால், மூளைத்தண்டு வேறு இடங்களிலிருந்து வரும் வலிச் செய்தியை அடக்கும் ஓர் ஏற்பாடு நம் எல்லோருக்கும் இயற்கையாகவே இருக்கிறது. மேல்கையில் வலிக்காத அளவுக்குப் பலமாக மின்துடிப்பு கொடுத்து அந்த ஏற்பாட்டைத் தட்டி எழுப்புவதுதான் நெரிவியோ என்ற கருவியின் வேலை. கைபேசிச் செயலி வழியாக இயங்கும். ஒரு முறைக்கு 45 நிமிஷம். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. 2023-ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு வேண்டும்.

252 பேரிடம் நடந்த ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கட்டிக்கொண்டவர்களில் 66.7 சதவீதம் பேருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தது. போலிக் கருவி கட்டியவர்களில் 38.8 சதவீதம் பேருக்குத் தணிந்தது. வித்தியாசம் தெளிவானது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் மாதம் 2 முதல் 8 முறை வலி வருகிறவர்கள், அக்கா மாதிரி ஆட்கள் இல்லை. அவளுக்கு உதவுவது பிறகு வந்த தடுப்பு ஆய்வுதான். அதில் நாள்பட்ட வகையினரும் இருந்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டி, எட்டு வாரம் பார்த்தார்கள்: மாதத்துக்கு ஒற்றைத் தலைவலி நாட்கள் 4.0 குறைந்தன, போலியில் 1.3. இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள ஏறக்குறைய மூன்று நாள்தான் கருவி தந்தது. மாதத்தில் மூன்று நாள் என்பது பெரிதா சின்னதா? பதினெட்டு நாள் படுத்துக் கிடக்கிறவளுக்கு அது சின்னதில்லை என்பது என் எண்ணம்.

பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தக் கருவி நிரந்தரமானது இல்லை; குறிப்பிட்ட எண்ணிக்கை முறை ஓடியதும் வேறு வாங்க வேண்டும். ஆகவே விலையைக் கேட்காதீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு விழுகிறது என்று கேளுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் மாதத்துக்குப் பதினைந்து தடவை. அதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் எதையும் முடிவு செய்ய முடியாது. வீட்டு நடைமுறையில் இது சுலபம். ரவிக்கைக் கைக்குக் கீழே, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கட்டிக்கொண்டு காய் நறுக்கலாம், கணக்கு எழுதலாம். படுத்தாக வேண்டும் என்பதில்லை.

நெற்றியில் ஒட்டும் செஃபாலி வேறு வகை. புருவத்துக்கு மேலே ஓடும் முக்கிளை நரம்பின் கிளைகளைத் தூண்டுகிறது. 2014-ல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது, ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் கருவி இதுதான். பெல்ஜியத்தில் 67 பேரிடம், தினம் 20 நிமிஷம் வீதம் மூன்று மாதம் சோதித்தார்கள். வலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் உண்மைக் கருவியில் 38.1 சதவீதம், போலியில் 12.1 சதவீதம். நல்ல எண். ஆனால் சின்ன ஆய்வு, அதிலும் நாள்பட்ட வகையினர் இல்லை. நம் ஊருக்கு இன்னொரு சங்கடம்: நெற்றியில் பொட்டு, விபூதி, சந்தனம், எண்ணெய், வியர்வை எல்லாம் துடைத்தால்தான் பசை ஒட்டும், கரண்ட் சீராகப் போகும். தினமும் என்றால் அது ஒரு வேலை. சிலருக்கு அந்தக் குறுகுறுப்பே தாங்காது.

காந்தத் துடிப்புக் கருவியை பிடரியில் வைத்து அழுத்த வேண்டும். இது உண்மையாகவே மூளையைத் தொடுகிறது. பார்வையில் மின்னல் கோடுகள் வந்து தொடங்கும் வகையினருக்கு 2010-ல் வெளியான ஆய்வில் இரண்டு மணி நேரத்தில் வலியே இல்லாமல் போனவர்கள் 39 சதவீதம், போலியில் 22. தினசரித் தடுப்புக்கான ஆய்வில் போலிக் கருவி வைத்து ஒப்பிடவில்லை. நம் கைக்கு எட்டாததால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

தலையில் நேர் மின்சாரம்

இப்போது அதிகம் ஆசை காட்டுவது இதுதான். தலையில் இரண்டு இடத்தில் ஈரப் பஞ்சு வைத்து, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் நேர் மின்சாரத்தை 20 நிமிஷம் போலச் செலுத்துவது. பேட்டரியில் ஓடும் எளிய கருவி. இதைக் கேட்டதும் எங்கள் ஆயா, "மண்டையில கரண்டா? வேணாம் ஆத்தா" என்றார்கள். அவர்கள் நினைத்தது ஷாக் வைத்தியத்தை. இது அது இல்லை. இவ்வளவு மெல்லிய மின்சாரம் நரம்பணுவைக் கட்டாயப்படுத்தித் துடிக்கவைக்காது. அது எவ்வளவு சுலபமாகத் தூண்டப்படும் என்ற எல்லையை மட்டும் கொஞ்சம் ஏற்றும் அல்லது இறக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளை ஒளிக்கும் ஒலிக்கும் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகிறது. அதை அமைதிப்படுத்தலாம் என்பதுதான் இதன் பின்னால் உள்ள யோசனை. செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பங்கு தோலிலேயே ஓடிவிடுகிறது, ஒரு பகுதிதான் மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. சான்று இன்னும் போதவில்லை. இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை. ஒன்றில் பஞ்சைப் பிடரியில் வைத்தார்கள், இன்னொன்றில் உச்சிக்குப் பக்கத்தில், வேறொன்றில் முன்நெற்றிக்கு மேலே. எத்தனை நாள், எந்த முனை எங்கே என்பதிலும் ஒற்றுமை இல்லை. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் போலிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செஃபாலியும் நெரிவியோவும் ஒற்றைத் தலைவலிக்கென்று பெற்ற அனுமதி போன்று இதற்கு இல்லை. வீட்டிலேயே வைத்துச் சோதிக்கும் ஆய்வுகள் நடப்பதற்குக் காரணமும் இதுதான். பலன் தெரிய வாரக்கணக்கில் தினமும் செய்ய வேண்டும். தினமும் ஆஸ்பத்திரிக்கு வா என்றால் யாராலும் முடியாது, பள்ளத்தூரிலிருந்து நிச்சயம் முடியாது.

ஆபத்து எங்கே வருகிறது என்பதைக் காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி நம் ஊரில் இருக்கிறது. மின்வேதியியல் நமக்கு அந்நியமில்லை. உப்புநீரில் இரண்டு முனை வைத்து நேர் மின்சாரம் விட்டால், நேர்முனைப் பக்கம் அமிலமும் எதிர்முனைப் பக்கம் காரமும் சேரும். அதேதான் தலையிலும் நடக்கிறது. தடித்த பஞ்சு உப்புநீரில் நன்றாக நனைந்திருந்தால் அந்த அமிலமும் காரமும் பஞ்சிலேயே நின்றுவிடும். பஞ்சு காய்ந்தாலோ, ஒரு மூலை மட்டும் தோலில் பட்டாலோ, மின்சாரம் அந்தச் சின்ன இடத்தில் குவிந்து தோலைப் புண்ணாக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய அடர்ந்த கூந்தலுக்குள் பஞ்சைச் சரியாக உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்கும். சீயக்காய் போட்டு அலசி, முடியை வகிர்ந்து, தோல் வரை ஈரம் போக வைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு வருவது அரிப்பு, குறுகுறுப்பு, சிவத்தல். சிலருக்குத் தலைவலியே வரும்.

ஒழுங்காக நடக்கும் வீட்டு ஆய்வுகளில் இதற்கெல்லாம் ஏற்பாடு உண்டு. முதல் சில தடவை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுப்பார்கள். கருவி பூட்டியிருக்கும்; தொடர்பு சரியாக இருக்கிறதா என்று வீடியோவில் பார்த்துவிட்டு பூட்டைத் திறக்கும் அன்றைய எண்ணைச் சொன்னால்தான் ஓடும், அதுவும் ஒரே ஒரு தடவை. இணையத்தில் ஆர்டர் போட்டு வரும் கருவியில் இந்தப் பூட்டு இல்லை. வலி தாங்காத நாளில் ஒரு தடவைக்கு மூன்று தடவை போட்டுக்கொள்ள யாருக்கும் கை போகும். அங்கேதான் எனக்குப் பயம். அதனால் தனியாக வாங்கிச் செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தலையில் உலோகம் வைத்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்த மின்கருவியையும் தொட வேண்டாம்.

ஆய்வில் சேரச் சொல்லி அழைப்பு வந்தால் தயங்காமல் கேளுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் உண்டா? நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா? பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? ஆய்வில் சேர நோயாளி பணம் கட்ட வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போலிக் கருவி உங்கள் பங்குக்கு வரலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் சேர வேண்டும்.

வீட்டில் சோதிப்பது எப்படி

எந்த வழியை எடுத்தாலும் டைரி இல்லாமல் தொடங்க வேண்டாம். முதலில் 28 நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்: வலி இருந்த நாள், படுக்க வைத்த நாள், வலிமாத்திரை போட்ட நாள். பெண்கள் மாதவிலக்கையும், விரதம் இருந்த நாளையும், தூக்கம் கெட்ட இரவையும் குறித்துவைக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தவறினாலே பலருக்கு வலி வரும். பழனிப் பாதயாத்திரை போகிறவர்கள் வீட்டில் அந்தத் தை மாதக் கணக்கு மற்ற மாதம் மாதிரி இருக்காது.

காலத்தைத் தேர்வது இதில் ரொம்ப முக்கியம். மாசி-பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா, ஒலிபெருக்கி, கூட்டம், பிறகு கத்திரி வெயில் என்று வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் கருவி வாங்க ஓடுகிறார்கள். ஆடி கழிந்து வெயில் தணியும்போது வலியும் கொஞ்சம் தணியும். பேர் கருவிக்குப் போய்விடும். கருவியின் பலனும் பருவத்தின் பலனும் பிரிந்து தெரிய வேண்டுமென்றால், மோசமான மாதத்தை அடிப்படையாக வைக்காதீர்கள். இரண்டு மாற்றத்தை ஒரே நேரத்தில் செய்யவும் வேண்டாம். புது மாத்திரையும் புதுக் கருவியும் ஒரே வாரத்தில் வந்தால் எதற்கு நன்றி சொல்வது என்றே தெரியாது.

பிறகு 12 வாரம். கடைசி 28 நாளை முதல் 28 நாளோடு ஒப்பிடுங்கள். நாள்பட்ட வகைக்கு 30 சதவீதம் குறைந்தாலே அர்த்தமுள்ள பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 18 நாள் 12 ஆனால் போதும். எவ்வளவு குறைந்தால் தொடர்வது, எவ்வளவில் நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே வீட்டாரோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பணம் போட்டபின் மனசு பலனைத் தேடும்.

ஆக, மாதவருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர், தடுப்பு மாத்திரையை முழு அளவில் முழுக் காலம் பார்க்காதவர் என்றால் கருவிப் பக்கமே போக வேண்டாம் என்பேன். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர், ஏற்கனவே நாலைந்து மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஆகியோருக்குக் கையில் கட்டும் கருவி பற்றி டாக்டரிடம் பேசுவது நியாயம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மதுரை போகத் துணைக்கு ஆளும், கையில் பணமும் இருந்து, தினசரி ஒழுங்கு கைவராதவருக்குப் போடாக்ஸ்தான் பொருந்தும். கருவி பெட்டியிலேயே கிடக்கும்.

அக்காவின் டாக்டர் டோபிரமேட்டைச் சின்ன அளவில் தொடரச் சொல்லி, கூட்டு மாத்திரையை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டிருக்கிறார். திருவிழா முடிந்ததும் டைரி; அதில் மாத்திரை நாட்கள் பத்துக்குக் கீழே நின்றால் கைக்கருவிக்குச் சீட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதச் செலவை அத்தான் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.